என் மனைவியின் வீட்டுக் கதவுகள்

யாருடைய வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் கதவைத்தான் தடவிப் பார்ப்பேன். வீட்டுக்காரர் "வாங்க, இரிங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். என் உள்ளங்கை கதவில் ஊர்ந்துகொண்டிருக்கும். கல்யாண வீடானாலும் சரி, செத்த வீடானாலும் சரி, இந்தக் கெட்ட பழக்கம் என்னை விட்டுப் போவதில்லை. ஒருமுறை பிரேதம் நடு அறையில் கிடக்க, நான் பக்கத்து அறைக் கதவைத் தடவிவிட்டு, "ஆர் இத அடிச்ச?" என்று அழுதுகொண்டிருந்த மனிதரிடம் கேட்டுவிட்டேன். என் மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

நான் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறவன். கதவு, அலுமாரி, குசினியில் வைக்கும் பென்ட்ரி, இவை மட்டும்தான். சுவர் அடிப்பதில்லை. சுவரை யாரும் அடிக்கலாம் என்பது என் கட்சி. கட்டாரில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் எட்டு வருடம் நின்று கற்றுக்கொண்ட வேலை இது. ஊருக்குத் திரும்பிய பிறகு வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையிலும் அந்தப் பக்கம் படுவான்கரையிலும், கரடியனாற்றிலிருந்து ஓட்டமாவடி வரை, எத்தனையோ வீடுகளுக்குக் கம்ப்ரசரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். கைவேலைக்காரனை எங்கள் பக்கத்தில் பாஸ் என்போம். "வழவழப்பு வேணுமெண்டா அந்த பாஸைக் கூப்பிடுங்க, ஆனா ஆளுக்கு வாய் கொஞ்சம் நீளம்" என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். இரண்டும் உண்மை.

இந்த வேலையில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஸ்ப்ரே கன்னைக் கதவிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டு வளையக் கூடாது, தோள்தான் நகர வேண்டும். நின்று யோசிக்கக் கூடாது. கிட்டப் பிடித்தால் பெயின்ட் கண்ணீர் மாதிரி இறங்கி உறைந்துவிடும். அதை வடிசல் என்போம். தூரப் பிடித்தால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து, கதவில் மணல் தூவியது போல் விழும். பெயின்ட் தடிப்பாக இருந்தால் தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக வரும். இந்த மூன்று குற்றமும் என் கையில் வராது, வரவே வராது என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். யாராவது ஒருவனுடைய வேலையில் வடிசலைக் கண்டால், அவன் இருக்கும்போதே சொல்லிவிடுவேன். அதனால் எனக்கு இந்தத் தொழிலில் நண்பர்கள் குறைவு.

நான் இருக்கும் வீடு என் மனைவியின் வீடு. எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து சேருவான். நான் வந்து சேர்ந்தபோது என் பையில் இரண்டு சாரமும் மூன்று சேர்ட்டும் ஒரு மூன்றங்குலப் பிரஷும் இருந்தன. கல்யாணம் முடிந்து வந்த முதல் பொங்கலுக்கு, என் கெட்டித்தனத்தை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று வீட்டின் உள்கதவு நான்குக்கும் பிரஷால் பெயின்ட் அடித்தேன். அப்போது எனக்கு வேலை தெரியாது. தெரியும் என்ற நினைப்பு மட்டும் இருந்தது. ஒவ்வொரு கதவிலும் வடிசல். பிரஷ் மயிர் ஒட்டிய கோடுகள். முதல் நாள் பெய்த மழைக்குக் கிளம்பிய ஈசல் ஒன்று எங்கள் அறைக் கதவில் சிறகோடு ஒட்டி, பெயின்டுக்குள்ளேயே காய்ந்துபோனது. "கதவுல ஈசல் வளக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. புது மாப்பிள்ளை என்பதால் வெளியில் காட்டவில்லை.

அதற்குப் பிறகு கட்டாருக்குப் போனேன், வந்தேன், பெரிய பாஸ் ஆனேன். குசினியில் பென்ட்ரி அலுமாரி போட்டோம்; அதற்கும் அங்கங்கே மிஞ்சிய பெயின்டை அவசரத்தில் அப்பிவிட்டு வேலைக்கு ஓடினேன். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அந்தக் கதைதான். ஊரார் வீட்டுக் கதவெல்லாம் முகம் பார்க்கலாம். என் வீட்டில் ஈசல். வேலை பேச வருகிறவர்களை நான் வெளிக் கேற்றடியில் வைத்தே பேசி அனுப்பிவிடுவேன். "உனக்கு ஒருநாளைக்கு அடிச்சுத் தாறன் புள்ள, ராசா வீட்டுக் கதவு மாதிரி" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்ததில் இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அந்த வாக்கைக் காப்பாற்ற எனக்கு ஏழு நாள், ஒரு முழுக் கிழமை கிடைத்தது. உன்னிச்சையில் இருக்கும் அவளுடைய அக்கா, தங்கள் ஊர்க் கோயில் சடங்குக்கு அவளை அழைத்துப் போக வந்திருந்தா. தனியாக பஸ் ஏறிப் போய் வருகிறவளை ஏன் அக்கா வந்து கூட்டிக்கொண்டு போகிறா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. எங்கள் மகள் கம்பஸில் படிக்கிறாள், யாழ்ப்பாணத்தில். வீட்டில் நான் மட்டும். அவர்கள் பஸ் ஏறியதும் கதவுகளின் பிணைச்சல்களைக் கழற்றத் தொடங்கினேன்.

கச்சான் காற்று வீசும் காலம் அது. மேற்கே வயல்வட்டையிலிருந்து வரும் சூடும் தூசும் ஈரப் பெயின்டுக்கு எமன். முற்றத்தில் நான்கு கம்பு நட்டு, கட்டிலுக்குக் கட்டும் நுளம்பு வலைகளைத் தைத்துக் கூடாரம் போல் கட்டினேன். நிலத்துக்குத் தண்ணீர் தெளித்தேன். காற்று எழும்பும் முன், காலை ஆறு மணிக்கே அன்றைய அடி முடிந்துவிடும். முதல் மூன்று நாளும் தேய்ப்பும், பள்ளம் அடைக்கும் புட்டியும்தான். என் பழைய குற்றங்களை ஒவ்வொன்றாகத் தேடித் தேடித் தேய்த்தேன். ஈசல் சாண்ட் பேப்பரின் ஒரே இழுப்பில் பறந்துபோனது. அப்பாடா என்றிருந்தது. பென்ட்ரிக் கதவுகளில் வெடித்திருந்த கோடுகளையெல்லாம் அடைத்தேன். ஒன்று ஆடும், ஒன்று கயிறு என்றிருந்த கைபிடிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கைபிடி வாங்கிப் பூட்டினேன். தந்த நிறம், மூன்று பூச்சு. நான்கு கதவும் ஆறு அலுமாரிக் கதவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி நின்றன. என் ஆயுளில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை.

அவள் வந்தாள். நான் பரிசு வாங்கக் காத்து நிற்கும் பள்ளிப்பிள்ளை மாதிரி நடுவில் நின்றேன். பெயின்ட் மணத்தில் அவள் மூக்கைச் சுருக்கினாள். எங்கள் அறைக் கதவில் கை வைத்தாள். கை மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது.

"நல்லாரிக்கி" என்றாள்.

அவ்வளவுதான். இருபது வருட வாக்குக்கு ஒரு சொல். பிறகு அவள் உடுப்புப் பையோடு அறைக்குள் போனாள். அது அறை இல்லை, ஸ்டோர் ரூம். நெல் மூட்டையில் மோதிக்கொண்டு நின்றாள். அன்று பின்னேரம் கொண்டுவந்து தந்த தேத்தண்ணியில் உப்பு. அடுத்த நாள் கறிக்குத் தூள் கூடிப்போனது. ஒரு கோப்பை உடைந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"மனசு எங்க கிடக்கு உனக்கு?" என்று கத்தினேன். "உன்ட வீட்டுக் கதவை உன்னைக் கேக்காமத் தொட்டுட்டன் எண்டு கோவமா? அதுக்கு இப்படியா பழி வாங்குற?"

அவள் உடைந்த பீங்கானைக் குந்தியிருந்து, நிலத்தைத் தடவித் தடவிப் பொறுக்கினாள். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். பெண்களின் பிடிவாதம் என்று நினைத்தேன். நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் சாப்பாட்டுப் பெட்டியை மறந்து வழியிலிருந்து திரும்பி வந்தேன். குசினியில் அவள் பென்ட்ரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முகம் யன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கைகள் மட்டும் அலுமாரிக் கதவுகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தன. ஆறாவது வரை போய், திரும்ப முதலாவதற்கு வந்தன. தன் வீட்டில், தன் குசினியில், புது இடத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி நின்றாள்.

என் காலடி கேட்டுத் திரும்பாமலே கேட்டாள்: "இஞ்சாருங்க, இதுல ஒரு வெடிச்ச கோடு கிடந்திச்சே. அது எங்க?"

"அதெல்லாம் அடைச்சாச்சு."

"மற்றதுல வடிசல்?"

"தேச்சு எடுத்துட்டன்."

"ஒண்டுமே இல்லையா?"

"ஒண்டுமே இல்ல" என்றேன். அப்போதும் என் குரலில் பெருமை இருந்தது.

அவள் அப்படியே நிலத்தில் சரிந்து இருந்துவிட்டாள். "எனக்குக் கண் தெரியுதில்ல" என்றாள்.

அவளுக்கு இரத்தத்தில் சீனி கூடும் வருத்தம் இருப்பது எனக்குத் தெரியும். அதற்குக் குளிசை போடுவது தெரியும். அது கண்ணைத் தின்றுகொண்டிருப்பது தெரியாது. மகள் கம்பஸுக்குப் போன வருடத்திலிருந்தே குறையத் தொடங்கியதாம். வெளிச்சம் தெரியும், ஆள் வருவது தெரியும், நடுவில் மட்டும் அழுக்குத் துணி தொங்குகிற மாதிரி இருக்குமாம். அக்காவுக்கு மட்டும் தெரியும். "மகளுக்குத் தெரிஞ்சா படிப்ப விட்டுட்டு வந்திருவா. நீங்க வேலைக்குப் போகாமக் குந்திருவீங்க" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள். நானும் அந்தச் சோற்றைத் தின்றுகொண்டு இருந்திருக்கிறேன். ஒரு வருடமாகப் பத்திரிகையில் மரண அறிவித்தலை என்னையே வாசிக்கச் சொன்னாள், "உங்கட வாயால கேக்க நல்லாரிக்கி" என்று. நானும் என் குரலைப் பற்றி என்னென்னவோ நினைத்துக்கொண்டு, செய்தி வாசிப்பவர் மாதிரி இழுத்து வாசித்தேன்.

"அப்ப இவ்வளவு நாளும் எப்படி?" என்று கேட்டேன்.

"உங்கட பெயின்டுதான்" என்றாள். விரலை மடக்கிச் சொல்லத் தொடங்கினாள். எங்கள் அறைக்கு ஈசல். மகளின் அறைக்குப் பிரஷ் மயிர். ஸ்டோர் ரூமுக்குக் கட்டைவிரல் தடிப்பில் இரண்டு வடிசல். உப்புக்கு வெடித்த கோடு. சீனிக்கு ஆடுகிற கைபிடி. தூளுக்குக் கயிறு. நான் இருபது வருடமாக வெட்கப்பட்ட ஒவ்வொன்றையும் அவள் பிள்ளைகளின் பெயர் சொல்லுவது போல வரிசையாகச் சொன்னாள். எல்லாவற்றையும் ஒரு கிழமையில் நானே என் கையால் அழித்திருந்தேன். நான் அழுதேன். குசினி நிலத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, சத்தமாகவே அழுதேன். அவள்தான் என் முதுகைத் தடவிவிட்டாள்.

அடுத்த நாளே கண் வைத்தியரிடம் போனோம். போனது வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். ஊசி, லேசர், மாதம் ஒருமுறை கிளினிக். மகளுக்குக் கம்பஸ் சோதினை முடிந்ததும் தானே சொல்லுவதாகவும், அதுவரை நான் வாய் திறக்கக் கூடாது என்றும் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எனக்கு ஒரே பயம், வீட்டில் விழுந்துவிடுவாளோ என்று. வேலைக்குப் போகாமல் நின்று, அவள் எழும்பினால் கையைப் பிடித்தேன். மூன்றாம் நாள் என் கையை உதறினாள்.

"விடுங்க. என்ட வீட்டுல என்னைக் கைபிடிச்சுக் கூட்டித்திரிய வேணாம்."

நான் கடையில் பெரிய பெரிய பொத்தான்கள் வாங்கிவந்து, அறைக்கு ஒன்று, ஸ்டோர் ரூமுக்கு இரண்டு என்று கதவுகளில் ஒட்டினேன். தடவிப் பார்த்தாள். "விளங்குது" என்றாள். பிறகு நகத்தால் ஒவ்வொன்றாக உரித்து என் உள்ளங்கையில் வைத்தாள். "ஆக்கள் வந்தா என்ன இது எண்டு கேப்பாங்க. மறுகா ஊரெல்லாம் 'ஐயோ பாவம்' எண்டு வரும். எனக்குக் கண் இல்லாட்டியும் பரவாயில்ல. பாவம் வேணாம்."

பொத்தான்களைக் கையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க முற்றத்தில் இருந்தேன். கதவில் ஏதாவது இருக்க வேண்டும். ஆனால் அதைப் பார்க்கிறவன் அவளைப் பற்றி ஒன்றும் கேட்கக் கூடாது. அப்படி என்னதான் இருக்கிறது? வடிசல் இருக்கிறது. வடிசலைக் கண்டால் யாரும் வீட்டுக்காரியைப் பற்றி நினைக்க மாட்டார்கள். அடித்தவனைத்தான் திட்டுவார்கள்.

மறுநாள் காலை கதவைக் கழற்றவில்லை. கிடத்தி அடித்தால் பெயின்ட் வடியாது. நின்ற நிலையில்தான் வடியும். "உன்ட கை தானா எங்க போகுதோ அங்க வை" என்றேன். அவள் நடந்து வந்து எங்கள் அறைக் கதவில் கை வைத்தாள். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து, பளபளப்பைக் கொஞ்சம் தேய்த்து எடுத்துவிட்டு, தின்னரைக் கூடுதலாகக் கலந்து, கன்னைக் கிட்டப் பிடித்தேன். நான்கு விரல் தூரம். என் கை தானாகப் பின்னுக்கு வந்துவிட்டது. இன்னொருமுறை பிடித்தேன், தோள் தானாக நகர்ந்துவிட்டது. எத்தனை வருடப் பழக்கம். நல்ல வேலை செய்யக் கற்றுக்கொண்டதைவிடக் கெட்ட வேலை செய்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரே இடத்தில் பிடித்து நின்றேன். கன் என் கையில் கடகடவென்று ஆடியது. பெயின்ட் திரண்டு, கனத்து, மெதுவாக இறங்கியது.

"விழுந்திட்டா?" என்று கேட்டாள்.

"விழுந்திட்டு."

"ஈசல் இல்லையே" என்று சொல்லிச் சிரித்தாள். முதல் பொங்கலுக்குச் சிரித்த அதே சிரிப்பு.

ஸ்டோர் ரூமுக்கு இரண்டு வடிசல். மகளின் அறைக்குக் கன்னைத் தூரப் பிடித்து மணல் தூவல். குளியலறைக்கு மூன்று வடிசல். உப்பு அலுமாரிக்குத் தோடம்பழத் தோல், சீனிக்கு ஒரு வடிசல், தூளுக்கு மணல். மற்ற மூன்றும் பீங்கான் கோப்பை. அவை வழவழப்பாகவே கிடக்கட்டும் என்றாள். இரண்டு நாள் காய்ந்த பிறகு எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். சீனி அளவாக இருந்தது. நான் மறுநாளே வேலைக்குப் போனேன்.

இது நடந்து இரண்டு மாதம் போயிருக்கும். ஓட்டமாவடியில் நெல் வியாபாரம் செய்யும் ஒரு முதலாளி புது வீடு கட்டியிருந்தார். பதினாறு கதவு, இரண்டு குசினி, சுவரோடு அடித்த அலுமாரிகள். அந்த வேலையைப் பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. பேச்சு ஏறக்குறைய முடிந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், சொல்லாமல் கொள்ளாமல், அவர் எங்கள் கேற்றடியில் வந்து இறங்கினார். கேற்றடியில் வைத்தே பேசி அனுப்பப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"ஒரு பாஸ்ட கெட்டித்தனம் அவர்ட வீட்டுக் கதவுலதானே தெரியும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்.

அவருக்கும் என் கெட்ட பழக்கம் இருந்தது. நேரே எங்கள் அறைக் கதவுக்குப் போய் உள்ளங்கையை வைத்தார். கை வழுக்கிக்கொண்டு வந்து ஓர் இடத்தில் நின்றது. குனிந்து பார்த்தார். ஸ்டோர் ரூம் கதவுக்குப் போனார். மகளின் அறைக் கதவைத் தடவிவிட்டு விரல்களைத் தேய்த்துப் பார்த்தார்.

"இத ஆர் பாஸ் அடிச்ச?"

குசினியில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்த கரண்டிச் சத்தம் நின்றது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் நல்ல மனிதர். விளங்கிக்கொண்டிருப்பார், வேலையையும் தந்திருப்பார், போகும்போது "ஐயோ பாவம்" என்றும் சொல்லியிருப்பார். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது என்பதை நான் மறைக்கவில்லை.

"நான்தான் முதலாளி" என்றேன். "அண்டைக்குக் கை நடுங்கிப் போச்சு."

"எல்லாக் கதவிலயுமா?"

"ஓம், எல்லாக் கதவிலயும்தான்."

அவர் என் கைகளைப் பார்த்தார். நான் அவற்றைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்போது அவள் தட்டோடு வந்தாள். குசினி நிலையில் முழங்கை மெல்லப் பட, குரல் வந்த திசைக்கு நேராக நடந்து வந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் அவர் முன்னால் நீட்டினாள்.

"நல்ல தேத்தண்ணி தங்கச்சி" என்றார் அவர்.

"இன்னொரு கோப்பை ஊத்தட்டா நானா?" என்று, ஓட்டமாவடிக்காரர் அண்ணனை அழைக்கும் முறையில் கேட்டாள். அவர் அதையும் வாங்கிக் குடித்தார். புறப்படும்போது என்னிடம் மட்டும், "பாப்பம் பாஸ்" என்றார். எங்கள் பக்கத்தில் 'பாப்பம்' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த வேலை வேறொருவனுக்குப் போனது. என் கை போய்விட்டது என்று தொழிலில் ஒரு கதையும் பரவியது. நான் முன்பு வாயால் கடித்தவர்கள் எல்லோரும் அதை ஆசை தீரச் சொன்னார்கள். பிறகு ஒரு கல்யாணத்துக்கு அந்த முதலாளி வீட்டுக்குப் போனேன். கதவைத் தடவினேன். நல்ல வேலை. குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை, நானும் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு நினைவிருப்பது அந்த வெள்ளிக்கிழமைதான். முதலாளியின் வாகனம் போனபிறகு அவள் வாசலில் வந்து நின்றாள். நான் படியில் இருந்தேன்.

"என்னால உங்கட வேலை போயிட்டு" என்றாள்.

"போனாப் போகட்டும்."

"ஏன் பொய் சொன்னீங்க? கை நடுங்கின எண்டு."

"அது பொய்யில்ல புள்ள" என்றேன்.

அவள் எனக்குப் பக்கத்தில் வந்து படியில் இருந்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதை மட்டும் அவள் தடவித் தேடவில்லை.